சினிமாவில் ஏன் எல்லோரும் பாடகராகவே ஆசைப்படுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்படத்தில் ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ கனவு என்று ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் பாடுவது, ஆடுவது, நடிப்பது, படம் எடுப்பது, இல்லையென்றால் பந்தயத்தில் ஜெயிப்பது. பூச்சியியல் படிக்க வேண்டும், இயற்கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று தவிக்கும் பாத்திரம் அபூர்வம். இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் என்னுடைய பதில்களும் கீழே. பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. சில கேள்விகளுக்குச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

இந்தப் புகாரே சரியா? விஞ்ஞானிகளைப் பற்றி நிறையப் படங்கள் வருகின்றனவே?

வருகின்றன, விருதும் வாங்குகின்றன. 2001-இல் வந்த 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' கணிதவியலாளர் ஜான் நாஷைப் பற்றியது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. 2023-இன் 'ஓப்பன்ஹைமர்' 7 ஆஸ்கர்களோடு உலகம் முழுக்க 95 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ராமானுஜனைப் பற்றி 2014-இல் ஒரு தமிழ்ப் படமும் 2015-இல் ஓர் ஆங்கிலப் படமும் வந்தன.

ஆனால் இந்தப் படங்களின் கதை எதில் ஓடுகிறது என்று பாருங்கள். நாஷின் கதை மனநோயில் ஓடுகிறது. ஓப்பன்ஹைமரின் கதை அணுகுண்டிலும், 1954-இல் அரசு ரகசியங்களைக் கையாள அவருக்கிருந்த அனுமதியைப் பறித்த விசாரணையிலும். ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பற்றிய 2014-ஆம் ஆண்டுப் படம் அவருடைய முன்னாள் மனைவி ஜேன் எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அது நோயையும் திருமணத்தையும் பற்றியது. கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங்கைப் பற்றிய படத்தில் போரும், தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கி அரசு அவரை வதைத்ததும். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைப் பற்றிய 'ராக்கெட்ரி' படத்தில் பொய்யான உளவு வழக்கு. ஆக, விஞ்ஞானிக்கு அறிவியலைத் தவிர வேறு ஏதாவது பெரிதாக நடந்திருந்தால்தான் திரையில் இடம். பாடகிக்கு இப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. அவளுக்குப் பாட ஆசை, வீட்டில் விடமாட்டார்கள், அவ்வளவு போதும், படம் தயார்.

இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன எல்லோருமே வரலாற்றில் ஏற்கெனவே இடம்பிடித்தவர்கள். யாரென்றே தெரியாத ஒரு கற்பனைப் பெண், மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யத் துடிக்கிறாள் என்று ஒரு படம் சொல்லுங்கள். யாரென்றே தெரியாத ஒரு பெண் பாடகியாகத் துடிக்கும் படங்களை எண்ணி முடியாது. புகார் இந்த வித்தியாசத்தைப் பற்றியது.

சரி, முக்கியமான காரணம் என்ன?

அரங்கில் உட்கார்ந்திருப்பவர் தானே நடுவராக இருக்க முடியுமா, முடியாதா என்பதுதான். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்.

'விப்லாஷ்' (2014) என்ற படம் டிரம்ஸ் கற்கும் ஒரு மாணவனைப் பற்றியது. அதன் கடைசிக் காட்சியில் பேச்சு மிகக் குறைவு. அவன் வாசிக்கிறான், நாம் கேட்கிறோம். ஜாஸ் இசையின் இலக்கணம் ஒன்றும் தெரியாதவருக்கும் அவன் ஏதோ ஓர் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று தெரிந்துவிடுகிறது. 'லா லா லேண்ட்' படத்தின் நாயகி ஆடிஷனில் பாடும்போதும் அப்படித்தான். அவளுக்கு வாய்ப்புக் கிடைத்ததா என்று படம் சொல்வதற்கு முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஓட்டப்பந்தயமாக இருந்தால் இன்னும் எளிது, யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்று கண்ணே சொல்லிவிடும்.

இனி ஒரு கணக்குக்கு வருவோம். 'குட் வில் ஹண்டிங்' (1997) படத்தில் பல்கலைக்கழகத்தில் தரை துடைக்கும் இளைஞன் ஒருவன், தாழ்வாரத்துப் பலகையில் பேராசிரியர் எழுதிவைத்த கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறான். பேராசிரியர்களுக்கே இரண்டு ஆண்டுக்கு மேல் பிடித்த கணக்கு என்று படம் சொல்கிறது. உண்மையில் அந்தப் பலகையில் இருப்பது, பத்துப் புள்ளிகளைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட வகை மர வரைபடங்கள் அனைத்தையும் வரையச் சொல்லும் கணக்கு. பொறுமையுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். ஆனால் அரங்கில் யாருக்கும் இது உறுத்துவதில்லை, உறுத்தவும் வழியில்லை. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நாம் பார்ப்பது பேராசிரியரின் முகத்தை. அவர் திகைத்தால் விடை சரி.

ஆராய்ச்சியைப் பற்றிய படத்தில் வெற்றி எப்போதும் இப்படிச் சாட்சி மூலமாகத்தான் வந்துசேர்கிறது. அதனால்தான் இல்லாத சடங்குகளைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. நாஷ் படத்தில் பிரின்ஸ்டன் பேராசிரியர்கள் வரிசையாக வந்து தங்கள் பேனாக்களை அவர் மேசையில் வைக்கும் காட்சி உண்டல்லவா? அப்படியொரு வழக்கம் அங்கே கிடையவே கிடையாது. நோபல் மேடையில் மனைவிக்கு நன்றி சொல்லும் உரையையும் நாஷ் ஆற்றவில்லை. இதை எழுதியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டக் கோட்பாடு என்ற கணிதத் துறையில் நாஷ் செய்ததை அரங்கம் தானாக எடைபோட முடியாது. திரைக்குள்ளேயே யாராவது எழுந்து நின்று கைதட்டியாக வேண்டும்.

படிப்பைப் பற்றிய படங்கள் ஓடுகின்றனவே? 'சூப்பர் 30', '12த் ஃபெயில்' எல்லாம்?

அவை தேர்வைப் பற்றிய படங்கள். தேர்வுக்கும் கல்விக்கும் உள்ள தூரத்தைச் சினிமா ரொம்பச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது. தேர்வில் போட்டியாளர் உண்டு, கடிகாரம் உண்டு, பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்ற நொடி உண்டு. விளையாட்டுப் படத்துக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. 2019-இல் வந்த 'சூப்பர் 30' நுழைவுத்தேர்வில் முடிகிறது. 2023-இன் '12த் ஃபெயில்' குடிமைப் பணித் தேர்வில் முடிகிறது. உள்ளே போன பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன படித்தார்கள், எதைக் கண்டுபிடித்தார்கள் என்ற பேச்சே இல்லை. ஏனென்றால் அந்த இடத்திலிருந்து பார்வையாளர் மறுபடியும் நடுவர் நாற்காலியை இழந்துவிடுகிறார்.

'3 இடியட்ஸ்' (2009), அதன் தமிழ் வடிவமான 'நண்பன்' (2012) இரண்டும் இன்னும் சுவாரசியம். 'மனசுக்குப் பிடித்ததைச் செய்' என்ற அறிவுரைக்கு எல்லோரும் இந்தக் கதையைத்தான் காட்டுகிறார்கள். கதாநாயகன் கடைசியில் யாராக ஆகிறான்? நூற்றுக்கணக்கான காப்புரிமைகள் வைத்திருக்கும் விஞ்ஞானியாக. அதாவது மிக வெற்றிகரமான மசாலாப் படங்களில் ஒன்றின் நாயகன் ஆய்வாளன்தான்! ஆனால் அந்தப் பத்தாண்டு ஆராய்ச்சி படத்தில் எங்கே? கல்லூரிக்கும் கிளைமாக்ஸுக்கும் நடுவில், வெட்டப்பட்ட இடத்தில் இருக்கிறது. புகைப்படக்காரனாக ஆசைப்படும் நண்பன் அப்பாவிடம் பேசும் காட்சிக்கு முழு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆராய்ச்சியைக் காட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்?

முதலில் நேரம். மரபியலாளர் பார்பரா மெக்ளிண்டாக், மக்காச்சோள மரபணுக்கள் இடம் விட்டு இடம் தாவுகின்றன என்பதை 1951-இல் சக விஞ்ஞானிகள் முன்னால் விளக்கினார். பெரிதாக வரவேற்பில்லை. நோபல் பரிசு வந்தது 1983-இல். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே முப்பத்திரண்டு ஆண்டு மௌனத்தை எந்தத் திரைக்கதை தாங்கும்?

நேரத்தைச் சுருக்கினால் என்ன ஆகிறது என்பதற்கு 'ஹிடன் ஃபிகர்ஸ்' (2016) நல்ல உதாரணம். விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றக் கிளம்புவதற்கு முன், கணினி தந்த எண்களை நாசாவின் கணிதவியலாளர் காதரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டது உண்மை. அந்த வேலை அவருக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் பிடித்தது, அதுவும் உண்மை. படத்தில் ராக்கெட் கிளம்பக் காத்திருக்கும்போது அவர் சில நிமிடங்களில் முடித்து, தாளை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஒன்றரை நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டதுதான் என் கண்ணுக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது. ஆனால் ஓட்டம்தான் காட்சியாகிறது.

அடுத்தது தோல்வியின் தன்மை. பாடகனின் தோல்வி மேடையில் நடக்கிறது. தொண்டை அடைக்கிறது, கூட்டம் சிரிக்கிறது. ஆய்வகத் தோல்விக்கு முகம் கிடையாது. மேரி கியூரி டன் கணக்கில் தாதுவை ஆண்டுக்கணக்கில் காய்ச்சி வடித்து, 1902-இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தார். பெரும்பாலான நாட்களில் அங்கே நடந்தது கிளறுவது, வடிகட்டுவது, எடைபோடுவது. 1943-இல் வந்த 'மேடம் கியூரி' படம் தப்பித்தது எப்படி என்றால், ரேடியம் இருட்டில் ஒளிரும். தோற்றுவிட்டோம் என்று கணவனும் மனைவியும் நினைத்த கிண்ணத்துக் கறை இரவில் மினுங்குகிறது! இயற்கையே ஒளிப்பதிவாளருக்குக் கை கொடுத்த அபூர்வமான சந்தர்ப்பம். எல்லாத் தனிமங்களும் இவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

விஞ்ஞானி என்றாலே ஏன் தனிமேதையாகவே காட்டுகிறார்கள்?

ஒரு போஸ்டரில் ஓரிரு முகங்களுக்குத்தான் இடம்.

2015-இல், ஹிக்ஸ் துகள் என்ற அணுவினும் சிறிய துகளின் நிறையைப் பற்றி வந்த ஓர் ஆய்வுக்கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். முப்பத்துமூன்று பக்கக் கட்டுரையில் இருபத்துநான்கு பக்கம் பெயர்ப்பட்டியல். இதை ஒரு கதாநாயகனாக எப்படிச் சுருக்குவது?

'தி இமிடேஷன் கேம்' (2014) சுருக்கிக் காட்டியது. டூரிங் தன்னந்தனியாக, எல்லோருடைய எதிர்ப்பையும் மீறி, ஜெர்மனியின் ரகசியக் குறியீட்டை உடைக்கும் இயந்திரம் கட்டுவதாக அந்தப் படத்தில் வரும். உண்மையில் அதற்கு முன்னோடியாகப் போலந்துக் கணிதவியலாளர் மரியன் ரெயெவ்ஸ்கி வடிவமைத்த இயந்திரம் இருந்தது. டூரிங்கின் வடிவமைப்பை கார்டன் வெல்ச்மன் கணிசமாக மேம்படுத்தினார். போர் முடியும் காலத்தில், குறியீடு உடைக்கும் வேலை நடந்த பிளெட்ச்லி பார்க்கில் சுமார் 9,000 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பெண்கள். படத்தில் ஒரு குடிசைக்குள் நாலைந்து ஆண்களும் ஒரு பெண்ணும்.

அணு உலை விபத்தைப் பற்றிய 'செர்னோபில்' (2019) தொடர் இதே பிரச்சினையைக் கொஞ்சம் நேர்மையாகக் கையாண்டது. உலானா கோம்யுக் என்ற பெண் விஞ்ஞானி கற்பனைப் பாத்திரம். பேராசிரியர் லெகாசோவுக்கு உதவிய பல விஞ்ஞானிகளை ஒரே ஆளாக்கிக் காட்டியிருக்கிறோம் என்று தொடரின் முடிவில் எழுத்திலேயே போட்டுவிட்டார்கள். அப்படியும் கடைசி அத்தியாயத்தில் லெகாசோவை நீதிமன்றத்தில் நிறுத்தி அணு உலையை விளக்க வைத்தார்கள். நிஜத்தில் அவர் அந்த விசாரணைக்கே போகவில்லை. ஆனாலும் சிவப்பு, நீல அட்டைகளை மாட்டி மாட்டி அவர் உலையை விளக்குவதைப் பாருங்கள். ஓர் அறிவியல் விளக்கம் கிளைமாக்ஸாக வேலை செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு காட்சியில் பார்வையாளர் கொஞ்ச நேரம் நடுவராகிறார். அட்டைகளைக் கூட்டிக் கழித்து, உலை வெடிக்கப்போகிறது என்று அவரே கண்டுபிடிக்கிறார்.

கண்ணாடியில் சூத்திரம் எழுதுவது எதற்கு?

எழுதுகிறவரின் முகமும் எழுத்தும் ஒரே ஷாட்டில் தெரியும் என்பதற்காக. வேறு ரகசியம் இல்லை. பலகையில் எழுதினால் நடிகரின் முதுகுதான் தெரியும்.

பைத்தியக்கார விஞ்ஞானி பிம்பம்தான் எல்லாவற்றையும் கெடுத்ததா?

அது பழைய பிம்பம். 1927-இன் 'மெட்ரோபோலிஸ்', 1931-இன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று அதற்கு நீண்ட பரம்பரை உண்டு. ஆனால் அதே காலத்தில் விஞ்ஞானியை மகானாகக் கொண்டாடும் படங்களும் வரிசையாக வந்தன என்பதை மறந்துவிடுகிறோம். 1936-இல் லூயி பாஸ்டர், 1940-இல் பால் எர்லிக், அதே ஆண்டு எடிசனைப் பற்றி இரண்டு படங்கள், 1943-இல் கியூரி. பாஸ்டராக நடித்த பால் முனி ஆஸ்கரும் வாங்கினார். ஆகவே வில்லனாகக் காட்டியதுதான் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. வில்லனாகவும் காட்டினார்கள், மகானாகவும் காட்டினார்கள். காலையில் பேருந்து பிடித்து வேலைக்குப் போகிற மனிதராகக் காட்டவில்லை, அதுதான் குறை.

இது வெறும் பணக் கணக்கு இல்லையா?

பணம் உண்டு. நட்சத்திரத்துக்கு ஆடவும் பாடவும் இடம் வேண்டும், பாடல் உரிமை தனியாக விற்கும், ஆடை அலங்காரம் விளம்பரத்துக்கு உதவும். மொழி தெரியாத நாட்டிலும் நடனம் புரியும். ஆய்வகத்தில் இவை எதற்கும் வேலையில்லை. ஆனால் 'மக்கள் பார்க்கமாட்டார்கள்' என்ற வாதம் நிற்காது. 'ஹிடன் ஃபிகர்ஸ்' 2.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 23 கோடிக்கு மேல் வசூலித்தது. அதில் வருகிறவர்கள் கணக்குப் போடும் மூன்று பெண்கள்.

கதை எழுதுகிறவர்களே சினிமாக்காரர்கள் என்பதாலும் இருக்குமோ?

கட்டாயம் இருக்கிறது. சினிமாவுக்கு வரும் ஒருவர் எதையாவது விட்டுவிட்டுத்தான் வருகிறார். பொறியியல் பட்டம், நிலையான சம்பளம், வீட்டாரின் நிம்மதி, இப்படி ஏதாவது ஒன்று. முதல் கதை எழுத உட்காரும்போது தன் சொந்த யுத்தத்தை எழுதுவது இயல்பு. அந்தக் கதையில் படிப்பு எதிரியின் பக்கம் நிற்கும். கண்டிப்பான அப்பா, சிடுமூஞ்சிப் பேராசிரியர், மூச்சுமுட்டும் வகுப்பறை. கலையின் பக்கம் வெளிச்சம். இதில் பொய் எதுவும் இல்லை, அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இதே முடிவை எடுத்துத் தோற்றவர்கள் படம் எடுக்கும் இடத்துக்கு வருவதில்லை. ஜெயித்தவரின் நினைவு மட்டும் திரைக்கு வருகிறது. 2023-இல் அமெரிக்க நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு கணக்கு அடிக்கடி பேசப்பட்டது. அவர்களுடைய சங்கத்தில் சுமார் 1,60,000 உறுப்பினர்கள். சங்கத்தின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி பெற அப்போது ஆண்டுக்கு 26,470 டாலர் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொகையை எட்டியவர்கள் ஏறக்குறைய ஏழில் ஒருவர். இவர்கள் எல்லாம் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் கிடையாது, உள்ளே வந்து சங்க அட்டை வாங்கியவர்கள். மற்ற ஆறு பேரின் கதை எந்த மேடையேறும் படத்திலும் வராது.

அப்படியானால் ஆய்வகத்திலிருந்து ஒருவர் சினிமாவுக்கு வந்தால் வேறு மாதிரிப் படம் வருமா? வந்திருக்கிறது. ஷேன் கரூத் கணிதம் படித்தவர், மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். 7,000 டாலர் செலவில் அவர் எடுத்த 'பிரைமர்' 2004-இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசை வென்றது. பொறியாளர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்வார்களோ அப்படியே பேசும் படம். யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிக்கிறார், எரிச்சல்படுகிறார்கள், காரின் புகைக்குழாயிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இதனால் பிள்ளைகள் அறிவியல் பக்கம் வராமல் போகிறார்களா?

'ஆமாம்' என்று உடனே சொல்லிவிட ஆசை வரும். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மார்கரெட் மீட், ரோடா மெட்ரோ என்ற மானிடவியலாளர்கள் 1957-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் விஞ்ஞானி என்றதும் யாரை நினைத்தார்கள் என்பது அதில் இருந்தது: வெள்ளை அங்கி, கண்ணாடி, நடுவயதைத் தாண்டிய ஆண், ஆய்வகத்தில் தனியாக. அப்புறம் டேவிட் சேம்பர்ஸ் என்பவர் சிறுபிள்ளைகளிடம் விஞ்ஞானியை வரையச் சொன்னார். 1983-இல் வெளியான அவருடைய ஆய்வில் 4,807 படங்கள். அதில் பெண் விஞ்ஞானி எத்தனை? வெறும் 28, வரைந்ததும் எல்லாம் சிறுமிகள். 2018-இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 1985-க்குப் பிந்தைய அமெரிக்கப் பிள்ளைகளின் படங்களில் பெண்களின் பங்கு சுமார் 28 விழுக்காடு. பிம்பம் மாறக்கூடியது என்பது உறுதி. மாற்றியது சினிமாவா, வகுப்பில் வந்து பாடம் நடத்தும் பெண் ஆசிரியரா, நிஜத்தில் பெண் விஞ்ஞானிகள் கூடியதா என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வுகள் போதாது.

'ஸ்கல்லி விளைவு' என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் வந்த மருத்துவர் டானா ஸ்கல்லியைப் பார்த்துப் பெண்கள் அறிவியலுக்கு வந்தார்கள் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. நம்பத் தகுந்ததுதான். ஆனால் அது பெண்கள் தாங்களே நினைவுகூர்ந்து சொன்ன பதில்களை வைத்து எழுதியது, ஆய்வில் பங்குகொண்ட நிறுவனங்களில் ஒன்று அந்தத் தொடரின் அப்போதைய சொந்தக்கார நிறுவனம். கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல்வித்துறை வாழ்க்கையும் அப்படியொன்றும் இனிக்கவில்லையே. அதைக் கனவாகக் காட்டினால் அதுவும் பொய்தானே?

சரியான கேள்வி. முனைவர் பட்டம் முடித்தவர்களில் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைப்பவர்கள் குறைவு. மற்றவர்கள் தற்காலிகப் பதவிகளில் ஊர் ஊராக மாறுகிறார்கள், அல்லது வேறு துறைக்குப் போகிறார்கள். நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதே பாதி வேலை. நான் கேட்பது ஜிகினா ஒட்டிய இன்னொரு கனவை இல்லை. இந்தத் துயரமெல்லாம் நல்ல நாடகமாயிற்றே, ஏன் பயன்படுத்துவதில்லை?

பயன்படுத்திய ஒரு படம் 'கான்டாக்ட்' (1997). வேற்றுக்கோள் உயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேடும் பெண் விஞ்ஞானி அதன் நாயகி. அவளுக்கு ஓரளவு முன்மாதிரி ஜில் டார்ட்டர் என்ற வானியலாளர். வேற்றுக்கோள்வாசிகளை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். நிதி நிறுத்தப்படுகிறது, பணம் கேட்டு நிறுவனங்களின் படியேறுகிறாள், சமிக்ஞை கிடைத்ததும் அதுவரை கிண்டலடித்த மேலதிகாரி மைக்கின் முன்னால் போய் நின்றுகொள்கிறார். நிஜத்திலும் இத்தகைய தேடலுக்கான நாசாவின் நிதியை 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்தியது. ஆய்வாளர்களோடு அந்தப் படத்தைப் பார்த்தால், பிரபஞ்சப் பயணக் காட்சியில் சும்மா இருப்பார்கள், நிதிக் காட்சியில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உண்மையான ஆராய்ச்சி உண்மையான விறுவிறுப்போடு வந்த படம் ஏதாவது?

கற்பனைப் படங்களை விட ஆவணப்படங்கள் முந்திக்கொண்டுவிட்டன. 'பார்ட்டிகிள் ஃபீவர்' (2013) அதில் எனக்குப் பிடித்தது. இயக்குநர் மார்க் லெவின்சன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஹிக்ஸ் துகளைத் தேடிய மாபெரும் துகள் முடுக்கி 2008 செப்டம்பர் 10-ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. உலகமே கைதட்டியது. ஒன்பதே நாளில் ஹீலியம் கசிந்து, காந்தங்கள் சேதமாகி, ஓராண்டுக்கு மேல் இயந்திரம் நின்றது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இவ்வளவு சரியான இடத்தில் விபத்தை வைக்கத் துணியமாட்டார். 2012 ஜூலை 4 அறிவிப்பின்போது, அந்தத் துகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிய முதியவர் பீட்டர் ஹிக்ஸ் அரங்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். மறுபடியும் முகம்தான் சாட்சி. ஆனால் இந்த முகம் நடிக்கவில்லை.

கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸும் அப்படியே. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் ஏழு ஆண்டு ரகசியமாக உழைத்து, 1993-இல் நிரூபணத்தை அறிவித்து, பிறகு அதில் ஓட்டை இருப்பது தெரிந்து, 1994 செப்டம்பரில் அதை அடைத்தார். 1996-இல் பிபிசி எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் கணத்தைச் சொல்ல வரும்போது அவருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. கணிதம் ஒரு வரி புரியாமல் அதைப் பார்த்துக் கலங்கியவர்கள் உண்டு. என்னுடைய நடுவர் வாதத்துக்கு இது கொஞ்சம் இடிக்கிறது என்பது தெரியும். தேற்றத்தை மதிப்பிட முடியாவிட்டாலும், ஏழு ஆண்டு என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே ஒரு வழி திறந்திருக்கிறது.

விஞ்ஞானிகளே சினிமாவுக்கு உதவக் கூடாதா?

உதவுகிறார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2008-இலிருந்து திரைக்கதை ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் இணைக்க ஒரு தனி அமைப்பே நடத்துகிறது. 'தி பிக் பேங் தியரி' தொடரின் பலகைச் சூத்திரங்களை இயற்பியல் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பர்க் சரிபார்த்தார். 'இன்டர்ஸ்டெல்லர்' கருந்துளையை இயற்பியலாளர் கிப் தோர்னின் சமன்பாடுகளை வைத்து உருவாக்கினார்கள், அது 2015-இல் ஆய்வுக்கட்டுரையாகவும் வந்தது.

ஆனால் இந்த உதவி பெரும்பாலும் பொருட்களைச் சரிசெய்கிறது. சூத்திரம் சரி, கருந்துளை சரி, ஆய்வக உபகரணம் சரி. வேலையின் மனநிலை அப்படியே விடுபட்டுப்போகிறது. இதே தோர்ன் பல பத்தாண்டுகள் உழைத்த ஈர்ப்பலைக் கண்டுபிடிப்பு 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி கைகூடியது, 2017-இல் நோபல் பரிசில் பங்கும் வந்தது. அணுவை விடவும் பல மடங்கு சிறிய நடுக்கத்தை அளக்க முடியும் என்று நம்பி, கேலிக்கு நடுவே, ஆயிரம் பேர் கட்டிய கருவி. அவர் உதவிய கற்பனைப் படத்தை உலகம் பார்த்தது. அவர் வாழ்ந்த கதை இன்னும் பெரிய திரையில் பெரிய படமாக வரவில்லை.

என் மகள் நடிகையாக வேண்டும் என்கிறாள். படங்களைக் குறைசொல்லவா?

வேண்டாம், சண்டைதான் மிஞ்சும். அவள் ஆசைப்படுவது நடிப்பையா, படங்களில் காட்டும் நடிகையின் வாழ்க்கையையா என்று அவளையே யோசிக்க விடுங்கள். படப்பிடிப்பில் ஒரு காட்சிக்காக நாள் முழுக்கக் காத்திருப்பதை எந்தக் கனவுப் படமும் காட்டுவதில்லை. முடிந்தால் நாடகக் குழு ஒன்றின் ஒத்திகைக்கு அனுப்புங்கள், ஒரு நாள் ஆய்வகம் ஒன்றுக்கும் அழைத்துப்போங்கள். இரண்டு இடத்திலும் சலிப்பு உண்டு. எந்தச் சலிப்பு அவளுக்குப் பிடிக்கிறது என்று பார்ப்பது உபயோகமான தகவல்.

நீங்கள் சொன்னதைக் கேட்டு 'பிரைமர்' பார்த்தேன். ஒன்றுமே புரியவில்லை.

முதல் முறை யாருக்கும் புரிவதில்லை. யார் எப்போது காலப்பயணம் செய்ய எந்தப் பெட்டிக்குள் போனார் என்று ரசிகர்கள் காலக்கோடே வரைந்து வைத்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். முதல் இருபது நிமிடத்துக்கு அது தேவைப்படாது. பகல் வேலை முடிந்து வந்த நான்கு பேர் கார் நிறுத்தும் அறையில் நின்று, அடுத்து எந்தக் கருவிக்குப் பணம் போடுவது என்று வாதாடுகிறார்கள். அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.